உப்புக் காற்றுக்கு உரியாத நேதாஜி: கடலோரச் சுவரில் உருவப்படம் வரைய முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோர ஊர்களில் படிப்பகம், சாவடி, மன்றம் என்று எந்தச் சுவரைப் பார்த்தாலும் ராணுவச் சீருடையில் நேதாஜி நிற்பார். பெரும்பாலான படங்களில் தொப்பி நன்றாக இருக்கும், கண் பாதகமில்லை, கழுத்துக்குக் கீழே சட்டை செதில் செதிலாக உரிந்திருக்கும். கீழிருந்து மேலாக ஏறும் இந்த உரிசலுக்கு ஓவியர் காரணமில்லை. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதமும் அதோடு வரும் உப்பும்தான் காரணம். இந்தக் கரையில் முகம் வரைவது பாதி வேலைகூட இல்லை. சுவரைத் தயார் செய்வதில்தான் படத்தின் ஆயுள் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் சுவருக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு முகத்துக்குப் போகலாம், ஆனால் 2 மழைக்காலத்துக்குள் திரும்பி வந்து அதைப் படிக்க வேண்டியிருக்கும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அளவு 6 அடி அகலம், 8 அடி 4 அங்குல உயரம். தொப்பியிலிருந்து மார்பு வரையான படம். அந்த 4 அங்குலம் எங்கிருந்து வந்தது என்பது கட்டம் போடும் இடத்தில் புரியும்.

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள்

"நேதாஜி படம்" என்று பொதுவாகச் சொல்லி ஆரம்பித்தால் குழப்பம் வரும். 1938-இல் காங்கிரஸ் தலைவராக இருந்த போஸ் வேறு, 1943-இல் சிங்கப்பூரில் நின்ற போஸ் வேறு. முதலாமவர் வெள்ளை உடை, கதர்க் குல்லாய். 1939 செப்டம்பரில் மதுரைக்கு வந்தபோதும் அவர் சீருடைக்காரர் இல்லை. இரண்டாமவர்தான் காக்கிச் சட்டையும் மடிப்புத் தொப்பியும் போட்டவர். நம் பக்கத்தில் கேட்கப்படும் படம் ஏறக்குறைய எப்போதும் இரண்டாவதுதான். இந்தக் கரையிலிருந்து மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் குடும்பங்கள் நினைவில் வைத்திருப்பது அந்தப் போர்க்கால உருவத்தைத்தான்.

அந்த உருவத்துக்கான காலம் மிகக் குறுகியது. 1943 ஜூலை 4 அன்று ராஷ் பிகாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் 21-இல் தற்காலிக சுதந்திர அரசை அறிவித்தார். 1945 ஆகஸ்டோடு அந்தக் காலம் முடிகிறது. பிறந்தது 1897 ஜனவரி 23, ஆக வரையப்போவது 46 முதல் 48 வயதுக்குள் இருக்கும் ஒரு மனிதரை. 25 வயது சினிமா கதாநாயகன்போல வரைவதும், தாத்தாவைப்போல வரைவதும் இங்கே சகஜமாக நடக்கும் தவறுகள்.

பின்னணியில் கொடி வேண்டும் என்று கேட்பார்கள். அசோகச் சக்கரம் உள்ள கொடி ஏற்கப்பட்டது 1947 ஜூலை 22-இல். 1943-ஆம் ஆண்டுச் சீருடைக்குப் பின்னால் அது பறக்க முடியாது. தற்காலிக அரசு ஏற்றியது ராட்டை பொறித்த மூவர்ணக் கொடி. 1943 டிசம்பர் 30-இல் போர்ட் பிளேரில் அவர் ஏற்றியதும் மூவர்ணம்தான். பாயும் புலிச் சின்னம் ஜெர்மனியில் அமைந்த இந்தியப் படையணியைச் சேர்ந்தது. சிங்கப்பூர் நேதாஜிக்கு ராட்டைக் கொடியே பொருத்தம். ராட்டையை நீலத்தில் போடுங்கள், கறுப்பில் போட்டால் தூரத்துக்கு அழுக்குத் திட்டாகத் தெரியும்.

மூலப் புகைப்படம் தேடும்போது காலண்டர் படத்தை நம்பாதீர்கள். அது நகலின் நகல். யாரோ ஒருவர் கன்னத்தில் ரோஸ் பூசி, உதட்டில் சிவப்புத் தீட்டி, மார்பில் இல்லாத பதக்கத்தை மாட்டியிருப்பார். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நேர்முகத்தைவிட முக்கால் பக்கம் திரும்பிய முகம் நல்லது. மூக்கின் வடிவமும் கன்னத்தின் சதையும் அதில்தான் தெரியும், சாயல் சீக்கிரம் பிடிபடும்.

எப்போது ஆரம்பிப்பது

ஆர்டர் வருவது பெரும்பாலும் 2 சமயங்களில். அக்டோபர் முதல் வாரத்தில் வந்து 21-ஆம் தேதிக்கு வேண்டும் என்பார்கள், அல்லது பொங்கல் முடிந்த கையோடு வந்து ஜனவரி 23-க்கு வேண்டும் என்பார்கள். இரண்டுமே மோசமான நேரம். அக்டோபரில் மழை தொடங்கிவிடும். ஜனவரியில் மழை விட்டிருந்தாலும் சுவர் உள்ளே ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். பிப்ரவரி பின்பாதி முதல் ஏப்ரல் வரை உகந்த காலம். மே கடைசியிலிருந்து கச்சான் எனும் தென்மேற்குக் காற்று மணலை வாரி ஈரப் பெயிண்டில் அடிக்கும். அப்போது செய்துதான் ஆக வேண்டும் என்றால் சாரத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டாமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். ஜனவரித் திறப்புக்கு வேண்டுமானால் சித்திரைக்குள் வரைந்து முடித்துத் துணி போட்டு மூடி வையுங்கள் என்று சொல்வதே நேர்மை.

சுவர் உரிமையாளரிடம் கையெழுத்தோடு அனுமதி வாங்கிவிடுங்கள். பொது இடச் சுவர்களுக்கு 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. கட்சிக் கொடியோ கட்சி நிறமோ சேர்த்தால் ஒவ்வொரு தேர்தலுக்கும் படத்தின்மேல் வெள்ளை அடிக்கும் ஆபத்தும் சேர்ந்தே வரும்.

எந்தச் சுவர்

கடலுக்கு முதுகு காட்டும் சுவர். விதி அவ்வளவுதான், ஆனால் ஊருக்கு ஊர் மாறும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது. வாடைக்காற்று மழையையும் உப்பையும் கிழக்கு, வடக்குச் சுவர்களில் அடிக்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் கடல் தெற்கே. கச்சான் காலத்தில் தெற்குச் சுவர் உப்பில் குளிக்கும். பாம்பன் தீவில் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, தப்பிக்க வழியில்லை. அங்கே பக்கத்து வீடு மறைக்கும் சுவரையோ ஆழமான தாழ்வாரத்துக்குள் இருக்கும் சுவரையோ தேடுங்கள்.

படத்தின் அடி தரையிலிருந்து 4 அடிக்கு மேல் இருக்க வேண்டும். மழை தெறிக்கும் சேறு 2 அடி வரை வரும், ஓதம் அதற்கும் மேலே ஏறும். சைக்கிள் சாய்ப்பது, ஆடு உரசுவது எல்லாம் அந்த உயரத்துக்குக் கீழே முடிந்துவிடும்.

இனி ஈரச் சோதனை. 2 அடிக்கு 2 அடி தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். படத்தின் அடிப்பகுதி வரும் இடத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, தாளுக்கடியில் சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் உள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். எந்த விலைக்கு வாங்கிய பெயிண்டும் அதன்மேல் நிற்காது.

அடுத்தது உப்பு. சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் எல்லோரும் செய்வது. அது கூடாது. தண்ணீரில் கரைந்த உப்பு திரும்பவும் சுவருக்குள் போய், காய்ந்ததும் மறுபடி வெளியே வரும். காய்ந்த நிலையிலேயே நார் பிரஷ்ஷால் துடைத்து, பொடியைத் தாளில் பிடித்து வெளியே கொட்டுங்கள். பிறகு பழைய செய்தித்தாளை மழைநீரிலோ குடிநீரிலோ ஊறவைத்துக் கூழாக்கி, சுவரில் அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, தானாகக் காயும் வரை விடுங்கள். கூழ் காயும்போது உப்பை உறிஞ்சிக்கொள்ளும். 3 முறை செய்த பிறகும் பூப்பது நிற்கவில்லை என்றால், பூச்சில் கடல் மணல் கலந்திருக்கிறது என்றே முடிவு செய்யலாம். அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நல்ல மணலில் 1:4 சிமெண்ட் பூச்சு புதிதாகப் பூசி, 28 நாள் விடுங்கள். முதல் 7 நாள் நீராற்றுவதற்கும் குடிநீர்தான். இங்கே கிணற்றுத் தண்ணீர் உவர். அதை ஊற்றினால் எடுத்த உப்பை நாமே திரும்ப வைத்த கதை.

கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கப் பழைய வீடுகளில் கடற்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் இருக்கும். அவை மூச்சு விடும் சுவர்கள். அதன்மேல் சிமெண்ட் பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உப்பு படிந்து, கல்லின் முகத்தையே பெயர்த்துக்கொண்டு விழும். படம் போவது ஒருபுறம், வீட்டுச் சுவரும் போகும். இப்படிப்பட்ட சுவரில் நேராக வரையாதீர்கள், பலகையில் வரைந்து மாட்டுங்கள்.

பலகையில் வரைவதானால்

8 மில்லிமீட்டர் ஃபைபர் சிமெண்ட் போர்டு, 8 அடிக்கு 4 அடி அளவில் கிடைக்கும். நம் அளவுக்கு 2 தாள் வேண்டும், உயரத்தில் குறையும் 4 அங்குலத்தை வெட்டி மீந்த துண்டுகளால் அடியில் நிரப்பலாம், வெட்டி ஒட்டும் கோடு முகத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதாவது நடுவில் செங்குத்தாகச் சேர்க்காமல் நெஞ்சுப் பகுதியில் கிடைமட்டமாகச் சேர்க்க வேண்டும். முழு நீளத் தாளைப் படுக்கையாக வைத்தால் 4 அடி உயரமுள்ள ஒரே துண்டில் முகம் முழுக்க அடங்கும். வெட்டிய ஓரங்களிலும் பின்பக்கத்திலும் பிரைமர் அடியுங்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டால் பலகை வளையும். சுவருக்கும் பலகைக்கும் இடையே 1 அங்குலக் காற்று இடைவெளி வேண்டும். திருகு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) திருகு போட்டால் ஓரிரு ஆண்டில் துருநீர் வடிந்து சீருடையில் கோடு போடும். பிறகு அதைப் போர்க்களத்து ரத்தம் என்று சமாளிக்க வேண்டியதுதான்.

பெயிண்ட்

பழைய கைகள் எனாமலைத்தான் விரும்பும். இழுத்தால் வரும், மினுக்கும், கோடு கூர்மையாக விழும். இரும்புப் பலகைக்கு இன்றும் அதுதான். ஆனால் புதுச் சிமெண்டின் காரம் எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். பெயிண்ட் பிசுபிசுத்து, கை வைத்தால் தோலாக வரும். நாளாக நாளாக வெள்ளை மஞ்சளாகும். கடலோரச் சுவருக்கு வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன்தான் சரி.

வெள்ளை வாளியில் நிறம் கூட்டும் ஸ்டெய்னர் பாட்டிலைக் கவிழ்த்து அடர்த்தியான நிறம் உண்டாக்காதீர்கள். ஸ்டெய்னர் அதிகமானால் படலம் இறுகாது, மழையில் வடியும். கடையில் கலர் மெஷினில் கீழ்க்கண்ட நிறங்களை மேட் எமல்ஷனாகக் கலக்கச் சொல்லுங்கள்: வெள்ளை 2 லிட்டர், காவி கலந்த மஞ்சள் 2 லிட்டர், செங்கல் சிவப்பு 1 லிட்டர், அடர் பழுப்பு 1 லிட்டர், கறுப்பு 1 லிட்டர், நீலம் கிடைக்கும் மிகச் சிறிய டப்பா. கொடி வரைந்தால் மட்டும் காவியும் பச்சையும் சேர்த்துக்கொள்ளலாம். இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் மஞ்சள், சிவப்பு, பழுப்பு வெயிலுக்கு அசையாது. மங்குவது பளீர் மஞ்சளும் பளீர் சிவப்பும்தான், முகத்துக்கு அவை தேவையே இல்லை.

இதோடு வெள்ளைச் சிமெண்ட் பட்டி 5 கிலோ, வெளிப்புற பிரைமர் 1 லிட்டர், 120, 220 எண் உப்புத்தாள், 3 அங்குலம், 1½ அங்குலம், ½ அங்குலம் பட்டை பிரஷ், 6-ஆம் எண் வட்ட பிரஷ் ஒன்று. மூடியுள்ள சின்ன டப்பாக்கள் 10.

பட்டி 2 கை, ஒவ்வொன்றும் நன்கு காய்ந்த பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர் 1 கை. பட்டியைக் கனமாகப் போட்டு மேடு பள்ளம் மறைக்கப் பார்க்காதீர்கள், அது பூச்சு வேலைக்காரர் செய்ய வேண்டியது. கனத்த பட்டி தகடாகக் கழன்று விழும்.

பிரைமரின்மேல் வெள்ளை அடிக்காமல், மஞ்சளில் கொஞ்சம் பழுப்பும் வெள்ளையும் கலந்து வெளிறிய காக்கி நிறத்தில் சுவர் முழுக்க ஒரு கை அடியுங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: சாக்பீஸ் கோடு தெளிவாகத் தெரியும், வெளிச்சம் எது நிழல் எது என்பதை நடுநிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். வெள்ளைச் சுவரில் எந்த நிறமும் கறுப்பாகவே தெரியும், பயந்துபோய் எல்லாவற்றையும் வெளிறடித்துவிடுவோம்.

கட்டம் போடுதல்

புகைப்படத்தை 6 அங்குலம் அகலம், 8 அங்குலம் உயரம் வரும்படி 2 பிரதி எடுங்கள். ஒன்றைத் தொடாதீர்கள். மற்றதில் அரை அங்குலக் கட்டம் போடுங்கள். அகலத்தில் 12, உயரத்தில் 16, மொத்தம் 192 கட்டம். அகலக் கட்டங்களுக்கு இடமிருந்து எண்ணும், உயரக் கட்டங்களுக்கு மேலிருந்து எழுத்தும் கொடுத்தால் சாரத்தின்மேல் நிற்பவருக்குக் கீழிருந்து சொல்ல வசதி.

சுவரில் கட்டத்தின் அகலம் 6 அங்குலம், உயரம் 6¼ அங்குலம். ஏன் கால் அங்குலம் கூட? படத்தின் முகம் தரையிலிருந்து சுமார் 9½ அடி உயரத்தில் இருக்கும். பார்ப்பவர் கண் 5 அடியில். 15 அடி தள்ளி நின்று அண்ணாந்து பார்க்கும்போது உயரம் சுமார் 4 சதவீதம் குறுகித் தெரியும். அதை ஈடுகட்டத்தான் அந்தக் கால் அங்குலம். இதற்கு மேல் நீட்டினால் எதிர்ச்சாரியிலிருந்து பார்ப்பவருக்கு முகம் வெள்ளரிக்காய்போல் ஆகிவிடும். இடுங்கிய சந்துச் சுவராக இருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

தூக்குக்குண்டு கட்டி முதல் செங்குத்துக் கோட்டை எடுங்கள். ரசமட்டம் வைத்து அடிக்கோடு. பழைய கட்டடங்களில் ஜன்னலையோ மேற்கட்டையோ நம்பி மட்டம் எடுக்காதீர்கள், அவை சாய்ந்திருக்கும். நீள்சதுரம் முடிந்ததும் 2 மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 10 அடி 3¼ அங்குலம் வர வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முழுப் படமும் கோணும். பிறகு சாக்பீஸ் பொடி தொட்ட நூலை இழுத்து அடித்துக் கோடு விழவையுங்கள். காவிப் பொடியும் துணி நீலமும் வேண்டாம், மேலே வரும் வெளிர் நிறத்தில் கசிந்து தெரியும்.

முகம் விழும் பகுதியில் மட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரியுங்கள். இந்த அளவில் ஒரு கண்ணின் அகலம் சுமார் 5 அங்குலம் வரும். இமை கால் அங்குலம் இறங்கினால் தூக்கக் கலக்கம், கால் அங்குலம் ஏறினால் திகைப்பு. 6 அங்குலக் கட்டத்தை நம்பி அந்த நுணுக்கத்தைப் பிடிக்க முடியாது.

கோடு போடும்போது கண், மூக்கு என்று நினைக்காமல் நிழலின் எல்லையை வரையுங்கள். தொப்பி நெற்றியில் போடும் நிழல் எந்தக் கட்டத்தில் தொடங்கி எதில் முடிகிறது, மூக்கின் நிழல் எந்தக் கோட்டை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். முடிந்ததும் கீழே இறங்கி எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். தெருவில் போகும் பையன் நின்று "போஸ்" என்று சொல்லிவிட்டால் கோடு சரி. சொல்லவில்லையென்றால் நிறம் பூசினாலும் சொல்லமாட்டான்.

தினசரி ஒழுங்கு

காலை 6 முதல் 9½ வரை, மாலை 4 முதல் இருட்டும் வரை. நடுப்பகலில் சுவர் சூடாகி, பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காயும். படலம் சுவரில் பிடிக்காமல் மேலே மேலே நிற்கும்.

ஒவ்வொரு நாள் காலையும் வேலையைத் தொடங்குமுன், நேற்று பூசிய பகுதியைக் குடிநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து அரை மணி நேரம் காயவிடுங்கள். இதைச் செய்யாததால் போன படங்கள் ஏராளம். இரவுக் காற்றில் உப்பு ஒரு மெல்லிய படலமாகப் படியும், கண்ணுக்குத் தெரியாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அதன்மேல் அடுத்த கை அடித்தால் 2 கைகளுக்கும் நடுவில் உப்பு மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துக் கொப்புளமாகி, மேல் கை மட்டும் உரியும். பெயிண்டில் கலக்கும் தண்ணீரும் பிரஷ் கழுவும் தண்ணீரும் காவிரிக் குழாய்த் தண்ணீராகவே இருக்கட்டும்.

நிறத்துக்கு முன் ஒளி நிழல்

மூலப் படம் கறுப்பு வெள்ளை. அதை ஓவியருக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வோம். எது எவ்வளவு இருட்டு என்பதை அது நேராகச் சொல்லிவிடுகிறது. நிறம் கொஞ்சம் முன்பின் ஆனால் சாயல் போகாது, இருட்டின் அளவு மாறினால் போய்விடும்.

3 படிகளாகப் பிரியுங்கள்: வெளிச்சம், நடு, நிழல். தோலுக்கான கலவை, கரண்டி அளவில்:

நடு: வெள்ளை 4, மஞ்சள் 3, செங்கல் 2, பழுப்பு ½.
வெளிச்சம்: வெள்ளை 6, மஞ்சள் 2, செங்கல் 1.
நிழல்: செங்கல் 2, பழுப்பு 2, மஞ்சள் 1, நீலம் ஒரு சொட்டு.

காக்கிக்கு: மஞ்சள் 4, வெள்ளை 2, பழுப்பு 1, கறுப்பு ½. கறுப்பு கூடினால் மஞ்சளோடு சேர்ந்து பச்சை அடிக்கும். கொஞ்சம் பச்சை நல்லது, ரொம்பப் போனால் போலீஸ் காக்கியும் இல்லாமல் ராணுவப் பச்சையும் இல்லாமல் பாசிபோல் ஆகும். அப்போது செங்கல் சிவப்பு கால் கரண்டி சேர்த்தால் திரும்பிவிடும்.

எமல்ஷன் காய்ந்தால் ஒரு படி இருளும். ஒவ்வொரு கலவையையும் சுவரோரத்தில் உள்ளங்கை அகலம் தடவி, காய்ந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். கலந்ததை 3 டப்பாக்களில் முழுப் படத்துக்கும் போதுமான அளவு, ஒவ்வொன்றிலும் அரை லிட்டருக்குக் குறையாமல் செய்து வையுங்கள். நடுவில் தீர்ந்து மறுபடி கலந்தால் ஒட்டுப்போட்ட சட்டைதான்.

முதலில் நிழல் எல்லாவற்றையும் தட்டையாக நிரப்புங்கள். பிறகு நடு, கடைசியில் வெளிச்சம். இந்த நிலையில் மொபைலில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, தொடாமல் வைத்த பிரதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே பிசகு என்பது ஒரு நொடியில் தெரியும். அதைத் திருத்தாமல் மேற்கொண்டு போகவே கூடாது. 3 படிகளுக்கும் இடையே இழைக்கும்போது பெயிண்ட் உடனே காய்ந்து தொந்தரவு செய்யும். கையடக்க ஸ்பிரேயரில் குடிநீரைப் பனிபோல் அடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள், அல்லது இடைநிறம் ஒன்றைக் கலந்து எல்லைக்கோட்டின்மேல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கலக்குங்கள். தூரத்தில் ஒன்றாகிவிடும்.

முகம்

நேதாஜியின் முகம் உருண்டை, சதைப்பிடிப்பானது, மழித்த முகம். வீரம் தெரிய வேண்டும் என்று தாடையைச் சதுரமாகச் செதுக்கும் பழக்கம் பரவிவிட்டது. அப்படிச் செய்த கணமே ஆள் மாறிவிடுவார். கன்னத்தின் கீழ்வளைவை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கண்ணாடி பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பல படங்கள் கெடுவது இங்கேதான். வட்டக் கண்ணாடிதானே என்று நூலும் சாக்பீஸும் வைத்து 2 சம வட்டம் போட்டுவிடுவார்கள். முகம் முக்கால் திரும்பியிருந்தால் இரண்டுமே முட்டை வடிவம்தான், அதிலும் தள்ளியிருக்கும் கண்ணாடி இன்னும் ஒடுங்கியது. மூக்குப் பாலம் நடுவில் இல்லாமல் தள்ளிய பக்கமாக நகர்ந்திருக்கும். சட்டத்தை ஒரே கனத்தில் கறுப்புக் கம்பிபோல் போடாதீர்கள். மேல் விளிம்பு பழுப்பு, வெளிச்சம் படும் இடத்தில் கோடு உடைந்து மறைய வேண்டும். சட்டம் கன்னத்தில் போடும் மெல்லிய நிழலை மறக்கக் கூடாது, அது இல்லையென்றால் கண்ணாடி முகத்தில் உட்காராமல் மிதக்கும். கண்ணாடிக்குள் தெரியும் முகவிளிம்பு வெளியே உள்ள விளிம்போடு சேராமல் உள்ளே தள்ளியிருக்கலாம். புகைப்படத்தில் அப்படி இருந்தால் அதை "திருத்த" வேண்டாம், அது கண்ணாடியின் பவர். பளபளப்புக்கு ஒரு கண்ணாடியில் ஒரே ஒரு வெளிர் தீற்றல் போதும், தூய வெள்ளை இல்லாமல் வெள்ளையில் கொஞ்சம் நீலம். கண்மணியின் குறுக்கே அது போகக் கூடாது.

கண்வெள்ளை என்று பெயர்தான், வெள்ளையைத் தொடாதீர்கள். தோலின் நடுநிறத்தில் வெள்ளையும் துளி நீலமும் கலந்த சாம்பல் போதும். மேல் இமையின் நிழல் அதன்மேல் விழ வேண்டும்.

வாயில் இதழ்களுக்கு நடுவே உள்ள கோடு கறுப்பு இல்லை, பழுப்பு. அந்தக் கோட்டின் 2 முனைகளிலும்தான் சாயல் இருக்கிறது. மூலையை ஒரு பிரஷ் அகலம் ஏற்றினால் சிரிப்பு, இறக்கினால் சிடுசிடுப்பு. உதட்டுக்குத் தனிச் சிவப்பு வேண்டாம்.

தொப்பியின் நிழல் நெற்றியில் விழும் இடத்தை நிழல் கலவையிலேயே தைரியமாக அடியுங்கள். அதை வெளிறவிட்டால் தொப்பி தலைக்குமேல் வைத்த படகுபோல இருக்கும். தொப்பி காக்கித் துணியின் மடிப்புத் தொப்பி, கதர்க் குல்லாய்க்குக் காக்கி நிறம் அடித்ததுபோல் வரையக் கூடாது. சின்னத்தை நுணுக்கி எழுத வேண்டாம், 15 அடியில் அது 3 தீற்றல்தான். புகைப்படத்தில் இல்லாத பதக்கம், பட்டை, நட்சத்திரம் எதையும் சேர்க்காதீர்கள், கேட்பவர் எவ்வளவு பெரிய ஆளானாலும். சட்டைப் பையின் மூடி, பித்தான், காலர் மடிப்பு போதும், மடிப்புகளை நாலைந்து பெரிய வரிகளில் முடியுங்கள்.

எழுத்து

தெரு அகலத்துக்கு 4 அங்குல உயர எழுத்து படிக்க வரும், தமிழ் எழுத்தின் சுழிகளுக்கு இடம் வேண்டும் என்பதால் அதற்குக் குறைக்காதீர்கள். "நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்", அடியில் "ஜெய்ஹிந்த்". பிறந்த தேதி போடலாம். "தோற்றம், மறைவு" என்று இரண்டும் கேட்டால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 1945 ஆகஸ்ட் 18, தைபே விமான விபத்து என்பதே அரசு ஏற்ற கணக்கு. ஆனால் முத்துராமலிங்கத் தேவரே போஸ் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லி வந்த மாவட்டம் இது, அந்தத் தேதியைச் சுவரில் பார்க்க விரும்பாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. திறப்பு விழா அன்று ஏணி போட்டு அழிப்பதைவிட எழுதாமல் விடுவது சுலபம்.

மேல்பூச்சும் பராமரிப்பும்

படம் முடிந்து 7 நாள் காயட்டும். மறுபடி ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, நீரில் கரையும் வெளிப்புற மேட் கிளியர் கோட் மெல்லியதாக 2 கை. தின்னரில் கரையும் பளபள வார்னிஷ் வேண்டாம், மஞ்சளாகும், எதிர் வெயிலில் முகம் தெரியாமல் மினுக்கும்.

ஆண்டுக்கு 2 முறை, கச்சான் அடங்கியதும் ஒன்று, வாடை முடிந்ததும் ஒன்று, குடிநீரும் மென்மையான துணியும் கொண்டு மேலிருந்து கீழாகத் துடைத்தால் போதும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. மீந்த கலவைகளைக் கழுத்து வரை நிரப்பி மூடி, பெயர் எழுதி நிழலில் வையுங்கள். எங்காவது கொப்புளம் வந்தால் காய்ந்த நாளில் சுரண்டி, ஓரங்களை 220 தாளால் சரிவாகத் தேய்த்து, பிரைமர் தொட்டு, அதே கலவையில் ஒட்டலாம். டப்பாவில் கெட்டுப்போய் நாற்றம் எடுத்திருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கடைசியாக ஓர் ஆணி. படம் எவ்வளவு நன்றாக நின்றாலும் ஜனவரி 23 அன்று காலையில் மாலையோடு ஒருவர் வருவார், சுத்தியலும் கொண்டுவருவார், தொப்பிக்கு ஒரு சாண் மேலே 3 அங்குல இரும்பு ஆணியை அடிப்பார். ஒரே மழையில் அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே இறங்கும், ஆணியின் துரு தொப்பியைத் தாண்டி நெற்றி வரை வழியும். அதைத் தடுக்கச் சொல்லிப் பயனில்லை. வரைய ஆரம்பிக்கும் முன்பே படத்தின் எல்லைக்கு வெளியே, மேலே 2 மூலைகளிலும் ஸ்டெயின்லெஸ் கொக்கி ஒவ்வொன்று பதித்து, மாலை படத்தில் படாமல் 3 அங்குலம் முன்னால் தொங்கும்படி நீட்டி வைத்துவிடுங்கள். ஈர மாலையை 3-ஆம் நாள் இறக்குவது யார் பொறுப்பு என்பதையும் அன்றே பேசிக்கொள்ளுங்கள்.